பதினோரு மணிக்கு மேல் சூடாக ஏதாவது

போன மாசம் ஒரு நண்பர் வீட்டில் பேச்சு எங்கெங்கோ சுத்தி, "லண்டன்ல சரக்கு விக்க லைசென்ஸ் வேணும், சரி. சிக்கன் விக்கக் கூடவாய்யா லைசென்ஸ்?" என்ற கேள்வியில் வந்து நின்றது. வேணும். பகலில் வேண்டாம், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வேணும். அதுவும் சிக்கன் சூடாக இருந்தால் மட்டும். ஆறிப்போன சிக்கன் என்றால் விடிய விடிய விற்கலாம், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். சட்டமே அப்படித்தான் இருக்கிறது மக்களே.

இந்த விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2009ல் ஒரு கடையின் ராத்திரி லைசென்ஸ் விவகாரத்தில் நானே மாட்டியிருக்கேன். கடைக்காரர் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் சரித்திரம். (தூங்குபவர்கள் தூங்கலாம். தூக்கமும் இந்தப் பதிவின் முக்கியமான பாத்திரம்தான்.)

ராத்திரியில் சாப்பாடு விற்பதை இங்கிலாந்து அரசாங்கம் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தது நேற்று இன்று இல்லை. 1850களில் லண்டனில் ஹேமார்க்கெட் என்று ஒரு தெரு, இப்போதும் இருக்கிறது, பிக்கடில்லி சர்க்கஸ் பக்கத்தில். நாடகக் கொட்டகைகள் நிறைந்த இடம். நாடகம் முடிந்ததும் கூட்டம் வெளியே வரும். அவர்களுக்காக ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் காபிக் கடைகள், நண்டு, சிப்பி விற்கும் கடைகள், 'நைட் ஹவுஸ்' என்று பெயர் வாங்கின இடங்கள். காபி, சாப்பாடு விற்க அப்போது லைசென்ஸ் கிடையாது. அதனால் பல இடங்களில் போர்டில் காபி, உள்ளே ஷாம்பெயின். கூடவே பாலியல் தொழிலும் சூதாட்டமும். கேட் ஹாமில்டன் என்ற அம்மாள் நடத்தின இடம் அந்தக் காலத்தில் ரொம்பப் பிரசித்தம். போலீஸ் கதவைத் தட்டி, அது திறப்பதற்குள் பாட்டில் எல்லாம் மாயமாகிவிடும்.

1860ல் கிளாட்ஸ்டன் நிதி மந்திரி. பிரான்ஸோடு வணிக ஒப்பந்தம் போட்ட கையோடு பிரெஞ்சு ஒயினுக்கு வரியைக் குறைத்தார். அதை ஜனங்கள் பப்பில் நின்று குடிக்காமல் சாப்பாட்டோடு உட்கார்ந்து நாகரிகமாகக் குடிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. அதற்காக வந்ததுதான் 1860ம் வருஷத்து ரெஃப்ரெஷ்மென்ட் ஹவுஸ் சட்டம். ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள் ஒயின் விற்க வழி. இன்னொரு பக்கம் ராத்திரி வெகுநேரம் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கு லைசென்ஸ், போலீஸ் உள்ளே நுழைய அதிகாரம். சலுகையும் கயிறும் ஒரே சட்டத்தில். நாலே வருஷத்தில், 1864ல், இன்னொரு சட்டம் வந்து லண்டனில் ராத்திரி ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை இந்தக் கடைகளை மூடவே சொல்லிவிட்டது.

இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. ராத்திரி சாப்பாட்டு லைசென்ஸின் வேர் சமையலறையில் இல்லை. சுத்தம், சுகாதாரம், கெட்டுப்போன மீன் எதுவும் பிரச்சினை இல்லை. 'இந்த நேரத்தில் யார் வெளியே சுத்துகிறார்கள், அவர்களுக்கு இங்கே என்ன வேலை' என்பதுதான் பிரச்சினை. நூற்று அறுபது வருஷம் கழித்தும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

ஆனால் வெளியே சுத்தினவர்கள் எல்லோரும் ஷாம்பெயின் குடிக்க வந்தவர்களா? ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகைக்காரர் அதே காலகட்டத்தில் லண்டன் தெருவில் பிழைப்பவர்களைத் தேடித்தேடிப் பேட்டி எடுத்து எழுதினார். தெருவோரக் காபித் தள்ளுவண்டிகள் மட்டும் முந்நூறுக்கு மேல் என்று கணக்கு சொல்கிறார். ராத்திரி பன்னிரண்டுக்கு ஆரம்பித்து விடிகிறவரைக்கும் வியாபாரம். சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருபவர்கள், விடியலில் வேலைக்குப் போகிறவர்கள், படுக்க இடம் இல்லாதவர்கள் எல்லாம் வாடிக்கை. சுட்ட உருளைக்கிழங்கு விற்பவர்களைப் பற்றியும் எழுதியிருக்கார். குளிர்காலத்தில் சிலர் அதை வாங்குவதே கையைச் சூடு பண்ணிக்கொள்ளத்தானாம். கை சூடானதும் தின்றுவிடுவார்கள். ஜனவரி ராத்திரியில் லண்டன் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

குதிரை வண்டிக்காரர்களுக்கும் இதே கஷ்டம். வண்டியை விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட முடியாது, பப்புக்குப் போனால் குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள் என்ற பேச்சு. அதனால் 1875ல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு முதலான புண்ணியவான்கள் சேர்ந்து ஒரு நிதி ஆரம்பித்து, தெருவோரத்தில் பச்சை நிற மரக் கொட்டகைகள் கட்டினார்கள். பொது ரோட்டில் நிற்பதால் ஒரு குதிரையும் வண்டியும் அடைக்கும் இடத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி. உள்ளே சூடான சாப்பாடு உண்டு, குடியும் சூதாட்டமும் கிடையாது. மொத்தம் 61 கட்டினார்கள், அதில் 13 இன்னமும் இருக்கின்றன. அடுத்த தடவை லண்டன் வந்தால் பாருங்கள், டாக்ஸி டிரைவர் இல்லாவிட்டாலும் ஜன்னல் வழியாக டீ கொடுப்பார்கள்.

சரி, மீனுக்கு வருவோம். மீனையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துப் பொரித்து விற்க ஆரம்பித்தது 1860களில். கிழக்கு லண்டனில் ஜோசஃப் மாலின் என்ற யூதர்தான் முதலில் என்று லண்டன்காரர்கள் சொல்வார்கள், இல்லை மோஸ்லியில் லீஸ் என்பவர்தான் என்று லங்காஷயர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும். மீன் பொரிப்பதைச் சட்டம் 'நாற்றத் தொழில்' பட்டியலில், அதாவது எலும்பு வேகவைப்பது, தோல் பதனிடுவது வரிசையில் வைத்திருந்தது. அதிலிருந்து எடுத்தது 1940ல்தான். இரண்டாம் உலகப் போரில் ரேஷன் இல்லாமல் கிடைத்த சில சாப்பாடுகளில் இதுவும் ஒன்று. நாறுகிறது என்றவர்களே வரிசையில் நின்றார்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் அழகு. 1950ம் வருஷக் கடைகள் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கத் தடை. சாப்பாட்டுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்குள் ஒரு விலக்கு: மீன் வறுவல் கடையில் மீன் வறுவல் விற்கக்கூடாது. பக்கத்துச் சைனீஸ் கடையில் வாங்கிக்கலாம்! 1994ல் ஞாயிறு வணிகச் சட்டம் வரும்வரை இந்தக் கூத்து நடந்தது. ஆள் பார்த்து எழுதின சட்டம் காலம் கடந்தால் இப்படித்தான் பல்லிளிக்கும்.

சைனீஸ் கடை என்றதும் ஞாபகம் வருகிறது. 1950, 60களில் ஹாங்காங்கின் கிராமப்பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பலர் எடுத்து நடத்தினது பழைய மீன் வறுவல் கடைகளைத்தான். அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் ரெடி. அதே மாதிரி சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளிகள் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' போர்டு மாட்டினார்கள். பப் மூடும்போது அதைக் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போரில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போகிறார்கள் என்று பப் நேரத்தை வெட்டினார்கள். போர் முடிந்தும் அந்தக் கட்டுப்பாடு முழுசாகப் போகவில்லை. அதனால் பல பத்து வருஷங்களுக்கு ராத்திரி பதினோரு மணிவாக்கில் ஊரில் உள்ள எல்லா பப்பும் ஒரே நேரத்தில் மணி அடித்து ஆட்களை வெளியே தள்ளும். வயிறு நிறைய பியர், அகோரப் பசி, தெருவில் வேறு எந்தக் கடையும் இல்லை. வெள்ளைக்காரன் வேலை செய்ய விரும்பாத நேரம் அது. அந்த நேரத்தைத்தான் சில்ஹெட்காரரும் ஹாங்காங்காரரும் பிறகு கெபாப் சுத்தின துருக்கி, சைப்ரஸ்காரர்களும் பிழைப்பாக்கிக் கொண்டார்கள். வசவும் எச்சிலும் அவ்வப்போது உடைந்த கண்ணாடியும் அந்தப் பிழைப்போடு சேர்ந்தே வந்தன.

நம்மாட்களும் இந்த வரிசையில் உண்டு. தெற்கு லண்டனில் சிவப்பு வெள்ளை போர்டோடு தெருவுக்குத் தெரு இருக்கும் மோர்லிஸ் சிக்கன் கடையை 1985ல் சிடென்ஹாமில் ஆரம்பித்தவர் இலங்கையிலிருந்து வந்த செல்வேந்திரன் என்பவர். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை பெட்ரோல் ஸ்டேஷன் ராத்திரி ஷிஃப்ட் அல்லது இப்படி ஒரு கடையின் எண்ணெய்ச் சட்டி.

பெரிய கம்பெனிகள் கதை தனி. 1954ல் முதல் விம்பி பர்கர் கடை லயன்ஸ் கார்னர் ஹவுஸுக்குள் திறந்தது, கோவன்ட்ரி ஸ்ட்ரீட்டில். அந்தத் தெரு எங்கே இருக்கிறது தெரியுமா? ஹேமார்க்கெட்டின் தலைமாட்டில். பிறகு கென்டக்கி 1965ல் பிரெஸ்டனில், மெக்டொனால்ட்ஸ் 1974ல் வுலிச்சில். விம்பியில் ஒரு விதி இருந்தது. நள்ளிரவுக்கு மேல் ஆண் துணை இல்லாமல் வரும் பெண்களுக்குச் சாப்பாடு கிடையாது. ஏன் என்றால், அந்த நேரத்தில் தனியாக வரும் பெண் யாராக இருக்க முடியும் என்ற அதே பழைய கணக்கு! ஷிஃப்ட் முடிந்து வரும் நர்ஸுக்குப் பசிக்காதா? 1970களின் தொடக்கத்தில் பெண்ணுரிமை இயக்கத்தினர் கடைக்குள் போய் உட்கார்ந்து போராடினார்கள். கேட் ஹாமில்டன் காலம் போய் ஒரு நூற்றாண்டு ஆனாலும் அவர் நிழல் அந்தத் தெருமுனையை விட்டுப் போகவில்லை.

லைசென்ஸ் பக்கம் என்ன நடந்தது என்பதைச் சட்டுனு ஓட்டிவிடுகிறேன், கொஞ்சம் வறட்சியான இடம். 1969ல் பழைய சட்டங்களைத் திரட்டி ஒரே சட்டமாக்கினார்கள். லைசென்ஸ் கொடுப்பது உள்ளூர் கவுன்சில், நேரம் ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து. அக்கம்பக்கத்துக்காரர்களுக்குத் தொந்தரவு என்றால் பதினோரு மணிக்கு மேல் மூடச் சொல்லி நிபந்தனை போடலாம். வாங்கிக்கொண்டு போகிற கடைகளுக்காக 1982ல் தனியாக 'மூடல் ஆணை' வந்தது. லண்டனுக்கு மட்டும் 1990ல் 'நைட் கஃபே' லைசென்ஸ். ஆக ஒரே கெபாப் கடைக்கு ஊருக்கு ஒரு விதி.

இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வந்ததுதான் 2003ம் வருஷ லைசென்சிங் சட்டம். அமலுக்கு வந்தது 2005 நவம்பர் 24. பத்திரிகைகள் எல்லாம் '24 மணி நேரக் குடி' என்று ஒப்பாரி வைத்ததில், சாப்பாட்டுப் பகுதியை யாரும் கவனிக்கவில்லை. அதுவரை மதுவுக்கு மாஜிஸ்ட்ரேட், சாப்பாட்டுக்குக் கவுன்சில் என்று இருந்தது. இனி இரண்டுமே கவுன்சில். ராத்திரி 11 முதல் காலை 5 வரை பொதுமக்களுக்குச் சூடான சாப்பாடோ சூடான பானமோ கொடுத்தால் லைசென்ஸ்.

'சூடு' என்றால் என்ன? சட்டம் விளக்குகிறது. சுற்றியிருக்கும் காற்றை விடச் சூடாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காகச் சூடாக்கப்பட்டு, கொடுக்கும்போதும் அப்படியே சூடாக இருந்தால் அது சூடு. கடையில் மைக்ரோவேவ் வைத்து நீயே சூடு பண்ணிக்கோ என்றாலும் தப்ப முடியாது, அதையும் சேர்த்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் வரிச் சட்டத்திலும் இதே சூடுதான் பிரச்சினை. 1984ல் சூடான பார்சல் சாப்பாட்டுக்கு வாட் போட்டார்கள். 2012ல் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பேக்கரியில் சூடாக இருக்கும் பேஸ்டிக்கும் அதை நீட்டப் போய், நாடே அவரைப் பொரித்து எடுத்தது. சில வாரங்களில் பின்வாங்கினார்.

விலக்குகளும் உண்டு. ஹோட்டலில் தங்கியிருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். இலவசமாகச் சூடான டீ கொடுக்கலாம். காசு போட்டால் தானே ஊற்றும் மிஷினுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் பெட்ரோல் ஸ்டேஷனில் அதே மிஷினில் காபி பிடித்துக்கொண்டு கவுன்டரில் காசு கொடுத்தால் லைசென்ஸ் வேணும்! கண்ணாடிக்குப் பின்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த நம்ம தமிழ்ப் பையன்களில் எத்தனை பேருக்கு இந்தச் சட்ட நுணுக்கம் தெரிந்திருக்கும்? 2015ல்தான் சட்டத்தைத் திருத்தி, பெட்ரோல் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்கு வேண்டுமானால் கவுன்சிலே விலக்குக் கொடுக்கலாம் என்றார்கள்.

முடிவு எடுக்கும்போது கவுன்சில் நாலே நாலு விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும். குற்றமும் கலவரமும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொந்தரவு தடுப்பது, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. அவ்வளவுதான். சாப்பாடு உடம்புக்கு நல்லதா என்பது இதில் இல்லை. 'ஏற்கனவே நாலு கடை இருக்கு, அஞ்சாவது எதுக்கு' என்று கேட்க முடியாது. கடை நெருக்கத்தால் தெருவே திணறுகிறது என்று ஆதாரத்தோடு காட்டி, முன்கூட்டியே கொள்கை எழுதி வைத்தால் மறுக்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் சோஹோ பக்கம் அப்படித்தான் செய்கிறது. உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரன்ட் என்றால் ஒரு மாதிரி, ஃபாஸ்ட் ஃபுட் என்றால் வேறு மாதிரி. கடைக்காரரின் பிழைப்பும் அந்த நாலில் இல்லை. மாடியில் இருப்பவன் தூக்கம் இருக்கிறது.

மாடியில் இருந்தவன் நான். :-)

2006ல் ஆன்சைட் என்று வந்து, கிழக்கு லண்டனில் ஒரு சிக்கன் கடைக்கு மேலே ஒரு அறையில் குடியிருந்தேன். வாடகை ஏன் குறைச்சல் என்று வந்த அன்று ராத்திரியே புரிந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் என் தலைமாட்டுச் சுவருக்கு வெளியே. போர்வை, தலையணை, மறுநாள் ஆபீஸ் சட்டை எல்லாம் எண்ணெய் வாசம். ஆனால் பதினோரு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம். காலை ஐந்து மணிக்கு இந்தியா கால் இருக்கும். அதனால் பதினொன்றிலிருந்து நாலரை வரைதான் என் ராஜ்ஜியம்.

2009ல் ஒரு நாள் கடைக் கண்ணாடியில் வெளிர்நீல நிறத்தில் ஒரு தாள். நீலம் என்பது தற்செயல் இல்லை, விதி. வெளிர்நீலத் தாள், குறைந்தது ஏ4 அளவு, கறுப்பு எழுத்து, எழுத்தின் அளவு 16க்குக் குறையக்கூடாது. இருபத்தெட்டு நாள் ஒட்டியிருக்க வேண்டும். தினமும் ராத்திரி மூன்று மணி வரை திறக்க விண்ணப்பம் என்று இருந்தது. எனக்குத் தலை சுத்தியது.

உடனே உட்கார்ந்து கவுன்சிலுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஃபேன் சத்தம், கூட்டம் என்று எழுதினதோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரத்தில், குடிகாரர்கள் வருவார்கள், சண்டை வரும், கத்திக்குத்து நடக்கும், பெண்கள் நடமாட முடியாது என்று எழுதித் தள்ளினேன். கடையைச் சாயங்காலமே மூடச் சொன்னாலும் நல்லது என்று ஒரு இலவச ஆலோசனை வேறு. அந்தக் காலத்தில் பக்கத்தில் குடியிருப்பவர்கள்தான் ஆட்சேபம் சொல்ல முடியும். 2012ல்தான் அந்த விதியை எடுத்தார்கள். நான் பக்கத்தில் கூட இல்லை, தலைக்கு மேலேயே இருக்கிறேனே! எனக்குத் தெரியாத ஒன்று, ஆட்சேபக் கடிதம் பெயர், விலாசத்தோடு விண்ணப்பித்தவர் கைக்கும் போகும் என்பது.

ஒரு நாள் ராத்திரி சாவி போட்டுக் கதவைத் திறக்கும்போது கடைக்கார அண்ணன் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, உங்கட கடிதம் வாசிச்சனான்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "பிழையா விளங்காதேங்கோ. நான் மேல இருந்தாலும் எனக்கும் நித்திரை வராதுதான். ஆனா பகல் முழுக்க வாடகைக்குத்தான் உழைக்கிறன் தம்பி. பத்து மணிக்குப் பிறகுதான் வீட்டுக்கு உழைக்கிறது. பதினொண்டுக்குப் பூட்டினா அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்கு." கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

பிறகு விசாரணை. கோர்ட் மாதிரி பயங்கரமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மீட்டிங் ரூம், மூன்று கவுன்சிலர்கள், ஒரு சட்ட ஆலோசகர், தண்ணீர் ஜாடி, பிஸ்கட். போலீஸ் முன்னாடியே கடையோடு பேசி, கேமரா வைப்பது மாதிரி சில நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்ள வைத்து, ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிவிட்டது. கடை சார்பில் ஒரு ஆலோசகர் வந்திருந்தார். என் கடிதத்தை எடுத்து, மரியாதையாக, "கத்திக்குத்து என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் குடியிருக்கும் மூன்று வருஷத்தில் கடையில் ஏதாவது சண்டை நடந்திருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். போலீஸ் ஏதாவது சொல்லியிருக்கிறதா? இல்லை.

அவர் 2008ல் வந்த ஒரு தீர்ப்பை எடுத்துவிட்டார். டேனியல் துவைட்ஸ் என்ற கம்பெனிக்கும் விர்ரல் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கும் நடந்த வழக்கு. நேரத்தை நீட்டினால் தொந்தரவு வரும் என்று மாஜிஸ்ட்ரேட்டுகள் தாங்களாக யூகித்து ஒரு ஹோட்டலின் நேரத்தைக் குறைத்தார்கள். கூடுதல் நேரம் திறந்திருந்தபோது உண்மையில் பிரச்சினை வந்ததா என்று பார்க்கவில்லை. போலீஸும் எதிர்க்கவில்லை. உயர் நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லாது என்றது. கட்டுப்பாடு ஆதாரத்தின் மேல் நிற்க வேண்டும், பயத்தின் மேல் அல்ல. என் இரண்டு பக்கத்தில் ஒன்றேகால் பக்கம் அங்கேயே செத்தது.

மிச்சம் முக்கால் பக்கம், ஃபேன் சத்தம். அதாவது உண்மை. ஆனால் அதற்கும் குறிப்பு இல்லை என்னிடம். கவுன்சிலின் சுற்றுச்சூழல் அதிகாரி பிறகு வராந்தாவில் சொன்னார், டைரி எழுதியிருக்க வேண்டும், தேதி, நேரம், எத்தனை நிமிஷம், ஜன்னல் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று. நான் எழுதினது இலக்கியம், அவர்களுக்கு வேண்டியது கணக்குப் பிள்ளை நோட்டு.

முடிவு சில நாளில் வந்தது. மூன்று மணி கிடையாது. வார நாளில் பன்னிரண்டு, வெள்ளி சனியில் ஒரு மணி. ஃபேனுக்குச் சத்தம் குறைக்கும் பெட்டி போட வேண்டும், கடைக்கு முன்னால் நடைபாதையில் குப்பை பொறுக்க வேண்டும், சத்தமில்லாமல் கலைந்து போகச் சொல்லி போர்டு வைக்க வேண்டும். பெட்டி போட்டதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. அதாவது மூன்று வருஷமாக ஒருத்தரும் செய்யாததை, கடை லைசென்ஸ் கேட்டதால்தான் செய்ய வைக்க முடிந்தது. பதினோரு மணிக்கே மூடிக்கொண்டிருந்தவரை அவருக்கு லைசென்ஸும் இல்லை, எனவே நிபந்தனையும் இல்லை. இதை நான் கடிதம் எழுதும்போது யோசிக்கவே இல்லை.

அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் எதிர்பார்த்தது வெள்ளி சனி மூன்று மணி. மேல்முறையீடு போகலாம், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு. ஆனால் வக்கீல் செலவுக்கு எத்தனை பெட்டி சிக்கன் விற்க வேண்டும்? பெரிய கம்பெனிகள் போகும். விண்ணப்பக் கட்டணம் என்னவோ சமமாகத்தான் தெரியும், கட்டடத்தின் வரிமதிப்பைப் பொறுத்து நூறு பவுண்டிலிருந்து 635 பவுண்ட் வரை. ஆனால் கட்டணம் செலவே இல்லை. ஆலோசகரும் அலைச்சலும் சட்டம் தெரிந்த நாக்கும்தான் செலவு. அதனால்தானோ என்னவோ, நடுராத்திரியில் இங்கே பல ஊர்களில் திறந்திருப்பது பெரிய கம்பெனி போர்டுகளாக இருக்கின்றன. லைசென்ஸ் இல்லாமல் விற்றால் தண்டனையும் சாதாரணம் இல்லை. அப்போது 20,000 பவுண்ட் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில். 2015க்குப் பிறகு இங்கிலாந்தில் அபராதத்துக்கு உச்சவரம்பே எடுத்துவிட்டார்கள். சூடான சிக்கனுக்கு!

அடுத்த வருஷம் நான் வீடு மாறிவிட்டேன். போகும் அன்று கீழே போய்ச் சொன்னேன். ஒரு பெட்டியைக் கட்டிக் கையில் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு காலம் எவ்வளவோ மாறிவிட்டது. 2020 செப்டம்பரில் கொரோனாவுக்காக இங்கிலாந்து முழுக்க ராத்திரி பத்து மணிக்கு ஹோட்டல், பப் எல்லாம் மூடச் சொன்னார்கள், டெலிவரிக்கு விலக்கு. முதல் உலகப் போர் வாசனை அடித்தது. இப்போது கடை வாசலில் குடிகாரக் கூட்டத்தை விட டெலிவரிப் பையன்களின் மொபெட்டுகள்தான் அதிகம், ஆட்சேபக் கடிதங்களும் அவற்றைப் பற்றித்தான் வருகின்றன. உடல்நலம் லைசென்ஸில் இல்லை என்றேனே, அது கட்டட அனுமதிப் பக்கமாகச் சுத்தி வந்து நுழைந்துவிட்டது. 2024 டிசம்பரில் வந்த திட்டமிடல் கொள்கையின்படி பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் தூரத்தில் புது ஃபாஸ்ட் ஃபுட் கடைகளை, ஊர் மையப் பகுதி தவிர, கவுன்சில்கள் மறுக்க வேண்டும். அது வேறு அனுமதி, வேறு கமிட்டி. ஒன்றில் மூன்று மணி, இன்னொன்றில் பன்னிரண்டு மணி என்று கிடைத்தால் பன்னிரண்டுக்கே பூட்ட வேண்டும்.

சில மாசம் முன்னால் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு அந்தத் தெரு வழியாக வந்தேன். அண்ணன் இல்லை, கடையை எப்போதோ விற்றுவிட்டார். போர்டு மாறி, உள்ளே ஆஃப்கன் பையன்கள். கண்ணாடியில் வெளிர்நீலத் தாள். 16 சைஸ் எழுத்து. வெள்ளி சனி இரண்டு மணி வரை கேட்டிருக்கிறார்கள். தலையை நிமிர்த்தி மேல் ஜன்னலைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, யாரோ ஒருத்தர் லேப்டாப்பில் ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

மணி பத்தே முக்கால். உள்ளே போய் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன்.

சிங்கப்பூர், டொராண்டோ, மெல்போர்ன் மக்கள்ஸ், உங்க ஊர் கவுன்சில் இந்த விஷயத்தில் எப்படி? முடிந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க. குறிப்பா, 'சூடு'க்கு உங்க ஊரில் என்ன விளக்கம் என்று தெரிந்துகொள்ள ஆசை.